எங்கள் மாடியில் மட்டும் மழை

அன்றைக்கு மாடியில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மருமகள் ஸ்ரீகலா. கம்பம் நட்டு வயர் இழுக்க வந்த எலெக்ட்ரீஷியன் தேவசகாயம். கூப்பிடாமல் வந்த எதிர்வீட்டுச் சீனியம்மாள். அப்புறம் என் மகன் கோமதிநாயகம். அவன் இருந்தது ஷார்ஜாவில். ஆனாலும் தண்ணீர்த் தொட்டி மேல் சாத்தி வைத்த போனில் முழு நேரமும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான், ஆகையால் அவனையும் சேர்க்க வேண்டும். ஐந்து பேர். என் மனைவி சங்கரவடிவு உயிரோடு இருந்திருந்தால் ஆறு. அவள் இருந்திருந்தால் இந்தக் காரியமே நடந்திருக்காது. முதல் நாளே என் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கி எறிந்திருப்பாள்.

காற்று அதிகமாக அடிக்கிறதா? பஸ் ஜன்னல் ஷட்டரை இறக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் இல்லை. திருவனந்தபுரம் வரைக்கும்தானே நீங்களும்? நான் விமான நிலையத்துக்குப் போகிறேன். மகன் வருகிறான். சந்தோஷமான விஷயம்தான். முகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்கள், பாருங்கள், அதைத்தான் சொல்ல வந்தேன். நான் வலியப் போய் யாரிடமும் பேசுகிறவன் இல்லை. எங்கள் ஊரில் என்னை ஊமைக் கோனார் என்பார்கள். உங்களை இனிமேல் பார்க்கப்போவதில்லை என்பதால் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

என் வேலை பால் அளப்பது. எட்டாவது வரைதான் படிப்பு. பால் சொசைட்டியில் அளவுக்காரனாகச் சேர்ந்து அளவுக்காரனாகவே ஓய்வு பெற்றேன். காலையும் மாலையும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்கிறவன் நான். தண்ணீர் கலந்திருந்தால் அந்தக் குழாய் முங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். யார் என்ன சொன்னாலும் அந்தப் பாலை எடுக்க மாட்டேன். சொந்த மச்சினன் பாலையே திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. தண்ணீர் கலக்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சங்கரன்கோவிலுக்கும் கழுகுமலைக்கும் நடுவே. வீடு ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ரோட்டோரம். பின்னால் இரண்டரை ஏக்கர் நிலம், நடுவில் கிணறு. கிணறு வற்றிப்போய்த்தான் மகன் ஷார்ஜாவுக்கு ஏறினான். போன வருஷம் வந்து கல்யாணம் முடித்து, லீவு தீர்ந்ததும் போய்விட்டான். பெண்ணுக்குச் சொந்த ஊர் குலசேகரம். உங்களுக்குத் தெரியுமே, அந்தப் பக்கம் பாதி வருஷம் மழைதான். அங்கே பிறந்த பெண்ணை இந்தப் பொட்டலில் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். அவள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனி வேலை பார்க்கிறாள். பகல் முழுவதும் அறைக்குள், ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு. நான் முற்றத்தில். இரண்டு பேருக்கும் பேச்சுக் குறைவு. "சாப்பிட வாங்க மாமா", "சரிம்மா". ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.

மகன் வெள்ளிக்கிழமை கூப்பிடுவான். சாப்பிட்டியா, வேலை எப்படி, சரி வைக்கேன். ஐந்து நிமிஷம். கெட்டவன் இல்லை, என்னைப் போலத்தான், பேச வராது. அவளும் போனை வைத்துவிட்டு அடுக்களையில் போய்ப் பாத்திரத்தை நிறையச் சத்தத்தோடு கழுவுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஆனி மாதம் ஒரு பெட்டி வந்தது. வீட்டு மாடியில் வைக்கிற வானிலைக் கருவி. காற்று, வெயில், மழை எல்லாம் அளக்குமாம். கூடவே சீட்டுக்கட்டு அளவில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். இதில் லினக்ஸ் போட்டு, ஒரு புரோகிராமை ஏற்றினால், நம் மாடியில் என்ன நடக்கிறதோ அது ஷார்ஜாவில் போனில் தெரியும் என்றாள். "அவியளுக்கு வீட்டு ஞாபகம் இருக்கட்டும் மாமா" என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு நடந்தது இதுதான். தேவசகாயம் கம்பத்தை நட்டு, உச்சியில் கருவியை முறுக்கிக் கட்டினான். மழை விழுவதற்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு புனல். அதற்குக் கீழே குட்டித் துலாக்கட்டை ஒன்று. தண்ணீர் ஒரு அளவு சேர்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டும், உடனே மறு பக்கம் ஏந்திக்கொள்ளும். ஒரு சாய்வுக்கு ஒரு 'டிக்'. ஒரு டிக் என்றால் பூஜ்யம் புள்ளி இரண்டு மில்லிமீட்டர் மழை. அளவுக்காரன் கண்ணுக்கு அது எவ்வளவு அழகான சாமான் தெரியுமா. கை வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஸ்ரீகலா தொட்டி நிழலில் சம்மணமிட்டு மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடியது. முதலில் அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் எழும்பி எழும்பிப் படுத்தது. பழைய போன் சார்ஜரைச் சொருகியிருந்தாள், கரண்டு போதவில்லை.

"தங்கச்சி, இந்தச் சார்ஜர்ல ஒரு குட்டி பல்பு கூட எரியாது" என்றான் தேவசகாயம்.

"அண்ணே, நல்ல சார்ஜர் ஒண்ணு இருந்தா தாங்க, பேச்சு பொறவு பேசலாம்" என்றாள். கொடுத்தான். பச்சை விளக்கு மினுங்கியது.

அப்புறம் பாஸ்வேர்ட் கேட்டது. அவள் அடிக்கிறாள், திரையில் ஒரு புள்ளி கூட விழவில்லை. நான் குனிந்து பார்த்து, "விழலையேம்மா" என்றேன். "விழும் மாமா, காட்டாது, அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் அனுமதி இல்லை என்று ஒரு வரி. அதற்கு ஏதோ எழுதினாள். அப்புறம் நேரம் தப்பு, கடிகாரம் லண்டன் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருத்தினாள். பொறுமைசாலி. ஒரு தடவை கூட முகம் சுளிக்கவில்லை. சின்னத் தப்பு எங்கே இருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும்.

கடைசியில் திரையில் படம் படமாக வந்தது. பார்த்தால் எங்கள் மாடியில் குளிர் பன்னிரண்டு டிகிரி, மழை கொட்டுகிறது என்று காட்டுகிறது. மேலே மண்டை வெடிக்கிற வெயில்.

சீனியம்மாள் கையை நெற்றிக்குக் கொடுத்து வானத்தைப் பார்த்தாள். "அண்ணாச்சி, மழை பெய்யுதாம். குடை கொண்டாரவா?"

ஸ்ரீகலா சிரித்துவிட்டாள். "இது சும்மா மாதிரிக்குக் காட்டுதது மாமா. பழகறதுக்காவ அதுவே மழையை உண்டாக்கிக் காட்டும். இன்னும் நம்ம கருவிகிட்ட அது பேச ஆரம்பிக்கல்ல. ஒரு வரி மாத்தணும்."

அவள் அந்த வரியை மாற்றுவதற்குள் போனில் இருந்து மகன் கத்துகிறான். "எப்பா, மழையா? இங்க எனக்குத் தெரியுது. நல்ல மழையா காட்டுது. கலா, ஏய், சன்னலைத் திறந்து வை. கேணிப் பக்கம் வாய்க்கா அடைச்சிருக்கான்னு பாருங்க. எப்பா, பிச்சிப்பூ போட்டா இப்ப போட்டிரணும்." போனில் மாடியே தெரிகிறது, வெயில் அடிக்கிறது, அவன் அதைப் பார்க்கவில்லை. மழைப் படத்தைத்தான் பார்க்கிறான். ஒரு மணி நேரம் பேசினான். என் மகன் ஒரு மணி நேரம் பேசுவான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். அவள் இல்லை என்று சொல்லவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம்தான் வரியை மாற்றி, அந்தப் பொய் மழையை எல்லாம் துடைத்து, பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்தாள்.

பூஜ்யம். ஆனி முழுவதும் பூஜ்யம். அவள் காலையில் எழுந்ததும் போனைப் பார்ப்பாள், கீழே வைப்பாள். வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம். பாத்திரம் கழுவுகிற சத்தம்.

ஆடி பிறந்து ஒரு நாள் தூறல் விழுந்தது. ஒன்று புள்ளி நான்கு. அதற்கே மகன் கூப்பிட்டுவிட்டான், வேலைக்குப் போகும் முன்னால். முக்கால் மணி நேரம். அன்றைக்கு எனக்கு ரசத்தில் உப்பு சரியாக இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மகனைக் கூப்பிட்டு, "ஏலே, மழை பெய்ஞ்சாத்தான் பேசுவியா?" என்று ஒரு அதட்டுப் போட்டிருக்க வேண்டும். சங்கரவடிவு அதைத்தான் செய்திருப்பாள். எனக்கு அந்த வாய் கிடையாது. எனக்குத் தெரிந்தது அளந்து ஊற்றுவது ஒன்றுதான்.

முதல் தடவை ஒரு டம்ளர் தண்ணீரை அப்படியே புனலில் கவிழ்த்துவிட்டேன். துலாக்கட்டை திணறிப்போய்ப் பாதியைத்தான் எண்ணியது. போனில் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பாக, வெள்ள அபாயம் போல வந்ததாம். ஸ்ரீகலா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒரு நிமிஷத்தில இவ்வளவு பெய்யாது மாமா. மழைன்னா மெல்லத்தான் பெய்யும்" என்றாள். பொதுவாகச் சொன்னாள். எனக்கு அது உபயோகமாக இருந்தது.

சிவன் கோயிலில் லிங்கத்துக்கு மேலே ஓட்டைச் செம்பு ஒன்று தொங்குமே, சொட்டுச் சொட்டாக விழும்படி. தாராபாத்திரம். அந்த ஞாபகம் வந்தது. சங்கரவடிவு ஊறுகாய் வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் சூடு காட்டிய ஊசியால் ஒரு துளை போட்டேன். விடிகிற நேரத்தில் ஸ்டூலில் ஏறி அதைப் புனலுக்கு மேல் பிடித்துக்கொள்வேன். காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் டிக் கேட்கும். ஒவ்வொன்றாக எண்ணுவேன். இத்தனை என்று முடிவு பண்ணிவிட்டால் அதற்கு மேல் ஒரு டிக் விடமாட்டேன். நிதானமாகத்தான் பெய்தேன். ஒரு நாள் பெய்தால் மூன்று நாள் விடுவேன். அவள் அறை அந்தக் கம்பத்துக்கு நேர் கீழே. நல்லவேளையாக அவள் நல்ல தூக்கக்காரி, ஒரு நாளும் விளக்கைப் போட்டதில்லை.

தண்ணீரைக் கீழேயிருந்து சுமந்துகொண்டு ஏறுவதுதான் கஷ்டமாக இருந்தது, முழங்கால் வலி. ஆடிக் கடைசியில் பார்த்தால் மாடியில் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறையத் தண்ணீர் இருந்தது, தட்டுப் போட்டு மூடி. "செடிக்கு" என்றாள். மாடியில் செடி எதுவும் இல்லை. வாங்கப்போகிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஏறி இறங்குகிற வேலை மிச்சம். அவள் அறியாமல் எனக்கு ஒரு உபகாரம் பண்ணுகிறாள், நான் அதே தண்ணீரில் அவளை ஏமாற்றுகிறேன். இதை நினைத்தால் சோறு இறங்காது.

ஏமாற்றுகிறேன் என்றா சொன்னேன், அதுதான் சரியான வார்த்தை. ஒரு நாள் நான் முற்றத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருக்கிறேன், அவள் அறையில் மகனோடு பேசுவது கேட்கிறது. "ஆமா, இப்பதான் விட்டுது. மண்ணு வாசம் அடிக்குது. சன்னல்ல தான் நிக்கேன். தென்னை ஓலையில இருந்து இன்னும் சொட்டுது."

எங்கள் வீட்டைச் சுற்றித் தென்னையே கிடையாது. வேலிக்கருவைதான். காலையில் நான் ஊற்றியது இருபது டிக். மண்ணில் ஒரு சொட்டு விழவில்லை. கருவி மழை என்று காட்டியதும் அந்தப் பெண் பிறந்த வீட்டு ஞாபகத்தில் வாசனையே பிடித்துவிட்டாள் பாருங்கள். மெஷின் சொன்னால் அவளுக்கு வேதம். இத்தனை படித்தும் எவ்வளவு வெள்ளந்தி. கயிற்றை அப்படியே போட்டுவிட்டு வயல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சீனியம்மாள் விடுவாளா. வாசலில் மடக்கினாள். "அண்ணாச்சி, ஒங்க மருமக போன்ல மழை மழைங்கா. என் மாடியில மோர் மிளகா கருவாடா காயுது. உங்க மாடிக்கு மட்டும் தனியா ஒரு மேகம் வாங்கிப் போட்டிருக்கீகளோ?"

"தெருவுக்குத் தெரு மழை" என்றேன். என் வாழ்க்கையில் அதுதான் நான் சொன்ன முதல் பொய் என்று நினைக்கிறேன். ரோடு ஒன்றுதான் நடுவில், பன்னிரண்டு அடி.

மகனுக்கும் சந்தேகம் வந்தது. அவன் சிநேகிதன் மாரிச்செல்வம், சங்கரன்கோவிலில் பூக்கமிஷன் கடை வைத்திருக்கிறான், அங்கே மழையே இல்லை என்று சொல்லியிருக்கிறான். ஸ்ரீகலாதான் பதில் சொன்னாள். "அது ஊருக்குள்ள. நம்ம வீட்டுப் பக்கம் தனி." கிணற்றைக் காட்டு என்று கேட்டான். "கேணிப் பக்கம் சிக்னல் கெடைக்காது" என்றாள். நன்றாகவே கிடைக்கும். அவள் அந்தப் பக்கம் போனதில்லை, பாவம், தெரியாமல் சொல்கிறாள். நான் திருத்தவில்லை. அந்தத் தப்பும் என் கணக்கில்தான்.

இன்னொன்று. ஆவணியில் ராஜபாளையத்தில் சகலை வீட்டுக் கல்யாணம், இரண்டு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. எனக்குப் பந்தியில் உட்காரவே பிடிக்கவில்லை. நான் இல்லை, மழை இல்லை, போன் வராதே, அந்தப் பிள்ளை தனியாக இருக்குமே என்று ஒரே நினைப்பு. திரும்பி வந்தால் முகம் மலர்ந்து நிற்கிறாள். "ரெண்டு நாளும் கூப்பிட்டாவ மாமா. ரொம்ப நேரம்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. மழை இல்லாமலே கூப்பிட்டிருக்கிறான், பையன் திருந்திவிட்டான் என்று. இருந்தாலும் நம்ப முடியாதே, நான் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

போன வாரம் அவன் போன். என்னைத்தான் கேட்டான். "எப்பா, இருநூறு தாண்டிருச்சு. ஐப்பசி பிறக்கலை, அதுக்குள்ள இருநூறு. நான் பொறந்ததில இருந்து இப்படிப் பெய்ஞ்சு பார்த்ததில்லை. கேணி எப்படி இருக்கு?"

"இருக்கு" என்றேன். கிணறு இருக்கத்தான் செய்கிறது.

"நான் எழுதிக் குடுத்துட்டேம்பா. முடிச்சுக்கிட்டு வாறேன். இவ்வளவு தண்ணியை வச்சுக்கிட்டு நான் ஏன் இங்க ஏசி மாட்டிக்கிட்டுக் கிடக்கணும்? ஒரு ஏக்கர் பிச்சி, மிச்சத்தில எலுமிச்சை. மேனேஜர் நல்லவர், மனசு மாறினா இந்த மாசக் கடைசி வரைக்கும் திரும்பி வந்து சேர்ந்துக்கலாம்னு சொல்லியிருக்கார். நான் எதுக்கு மாறப் போறேன்."

போனை ஸ்ரீகலாவிடம் கொடுத்துவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன். எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு பழைய சைக்கிள் டயரும் காய்ந்த சேறும். என் மகன் வேலையை விட்டுவிட்டு அந்த டயரைப் பார்க்க வருகிறான். பாலில் தண்ணீர் கலந்தவர்கள் கூட யார் பிழைப்பையும் இப்படிக் கெடுத்ததில்லை. அவர்கள் கலந்தது காலைக்கு ஒரு லோட்டா.

மறுநாள் அவளிடம் சொல்லிவிடுவது என்று அடுக்களை வாசல் வரை போனேன். அவள் சுவரில் பாலை வைத்துப் பழைய காலண்டர் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தாள்... இல்லை, பசையை வைத்து. பாருங்கள், எனக்கு எல்லாவற்றிலும் பால்தான் வருகிறது. பாடிக்கொண்டே ஒட்டினாள். அவள் பாடி நான் கேட்டதில்லை.

"அம்மா, அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். போன் போட்டுத் தாறியா" என்றேன்.

பாட்டு நின்றுவிட்டது. திரும்பாமலே, "வந்த பொறவு சொல்லலாம் மாமா" என்றாள்.

"இல்லம்மா, வாறதுக்கு முன்னால சொன்னாத்தான்..."

"வரட்டும் மாமா." அவ்வளவுதான் சொன்னாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. காம்பவுண்டுச் சுவர் கட்டுகிற விஷயம் என்று நினைத்திருப்பாள். அதைத்தான் நான் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியாது, நான் வாயைத் திறந்தால் அவள் புருஷன் கிளம்பாமலே வேலையைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று. தெரிந்திருந்தால் போனைக் கையில் கொடுத்திருப்பாள். நல்ல பெண், புருஷன் பிழைப்புக் கெடச் சம்மதிக்க மாட்டாள்.

ஆகவே விமான நிலையத்தில் சொல்லிவிடப் போகிறேன். வாசலில் வைத்தே. வீட்டுக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் அவனால் திரும்ப முடியாது. மாசம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. பெட்டியைப் பிரிக்கும் முன்னால், "ஏலே, அது மழை இல்லை, நான்" என்று சொல்லிவிட வேண்டும். தென்காசியிலிருந்து இதையேதான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன். உதடு அசைந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஒன்று. நான் அளவுக்காரன். சொசைட்டியில் ஒருத்தர் பாலைத் தள்ளுவதென்றால் லாக்டோமீட்டரைப் பார்த்து, எண்ணைச் சொல்லித்தான் தள்ளுவேன். சும்மா வாய்க்கு வந்தபடி தண்ணீர் என்று சொல்லமாட்டேன். என் தப்புக்கும் அதே நியாயம்தானே. இத்தனை நான் ஊற்றியது, இத்தனை வானம் பெய்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அவன் கேட்பான்.

இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது அவள் கட்டுச்சோறும் குடையும் எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கணக்கை நினைத்து, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "இதுவரைக்கும் மொத்தம் எவ்வளவும்மா ஆயிருக்கு?"

போனைப் பார்க்கக் கூட இல்லை. "இருநூத்திப் பதினாலு புள்ளி ஆறு" என்றாள். அப்புறம் என் கையில் குடையை வைத்து, அந்தக் கையை ஒரு நிமிஷம் விடாமல் பிடித்துக்கொண்டாள். மருமகள் மாமனார் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. "பார்த்துப் போயிட்டு வாங்க. அவியளைக் கூட்டிட்டு வாங்க மாமா" என்றாள். கூட்டிட்டு வாங்க என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

ஆரியங்காவு வந்துவிட்டதா? பாருங்கள், இங்கே நிஜமாகவே பெய்கிறது. ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், உங்கள் சட்டை நனைகிறது.

கணக்குக்கு வருகிறேன். இருநூற்றுப் பதினான்கு புள்ளி ஆறு மில்லிமீட்டர் என்றால் ஆயிரத்து எழுபத்து மூன்று டிக். நான் ஊற்றியது, அந்த முதல் டம்ளரையும் சேர்த்து, எண்ணூற்று நாற்பது. இதில் ஒன்று கூட முன்னே பின்னே இருக்காது, காதால் கேட்டு எண்ணியது. வானம் தன்னால் பெய்தது ஆடியில் ஒரு தூறல், புரட்டாசியில் இரண்டு. மூன்றும் சேர்த்து முப்பத்தொன்று. இரண்டையும் கூட்டிக் கழித்தால் நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லை. தென்காசியில் ஒரு தடவை போட்டேன், செங்கோட்டையில் ஒரு தடவை போட்டேன், இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டே போட்டேன். அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது. காக்கை வந்து உட்கார்ந்தால் ஒன்றிரண்டு விழலாம், இத்தனை விழுமா? முதல் நாள் பொய் மழையை அவள் அன்றைக்கே துடைத்துவிட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன். சீனியம்மாளுக்கு ஸ்டூல் ஏற இடுப்பு வராது. மெஷின் தப்பு என்றால் அவள் கண்ணில் படாமல் இருக்குமா?

கணக்கு நேராகாமல் வாயைத் திறந்து எனக்குப் பழக்கம் இல்லை. இதற்கு ஆள் தெரியாமல் மகனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அரைகுறையாகச் சொன்னதாகிவிடும். நீங்கள் படித்தவர் போல இருக்கிறீர்கள். நீங்கள்தான் சொல்லுங்களேன். ஏன் சிரிக்கிறீர்கள்? நான் ஊற்றினதும் இல்லை, வானம் ஊற்றினதும் இல்லை.

மிச்சம் இருநூற்று இரண்டு.